கொழுக்குமலையில் இரவும் விடியலும் ஒரே படத்தில்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேனி மாவட்டத்துத் தேயிலை மலையான கொழுக்குமலைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை அதிகாலை 4 மணி ஜீப்பில் ஏறினேன். உச்சியில் இறங்கியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது, பால்வீதி கண்ணில் படவே இல்லை. இரண்டாம் முறை கூடாரத்தில் தங்கினேன். 3.50 முதல் 5 மணி வரை எடுத்த அத்தனை படங்களிலும் விண்மீன்கள் பஞ்சு பிய்த்துப் போட்டது போல் இருந்தன. லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அதே விடியலில் யாரோ ஒருவரின் கால் பட்டு முக்காலி இரண்டு விரற்கடை நகர்ந்தது. வீட்டுக்கு வந்து இரவுப் படத்தையும் விடியல் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோது மலையின் விளிம்பு இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. மூன்றாம் முறைதான் நினைத்த படம் கையில் வந்தது. முதல் இரண்டு பயணங்களில் நான் இழந்த பணமும் தூக்கமும் உங்களுக்காவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மேலே பால்வீதி, கீழே தேயிலைச் சரிவு, நடுவில் தேனிச் சமவெளியை மூடிக்கொண்டு கிடக்கும் மேகக்கடல். இதை ஒரே சொடுக்கில் எடுக்க முடியாது. விண்மீன்களுக்கு 15 நொடி போதும், அதற்கு மேல் போனால் அவை கோடாக இழுபடும். நிலவில்லாத இரவில் தரைக்கு நான்கு நிமிடம் கொடுத்தாலும் அரைகுறையாகத்தான் தெரியும். சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில் சிக்கல் தலைகீழாகிவிடும். வானத்துக்குச் சரியாக வைத்தால் தேயிலை கறுத்துப் போகும், தேயிலைக்குச் சரியாக வைத்தால் வானம் வெளுத்துப் போகும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற ஒளி அளவில் தனித்தனி எக்ஸ்போஷர், அதாவது தனித்தனிப் படம், எடுத்துப் பிறகு இணைக்கிறோம். இந்த வேலையில் முக்கால் பங்கு மலையிலேயே முடிந்துவிட வேண்டும். மலையில் விட்ட பிழையைக் கணினியில் திருத்த உட்கார்ந்து நான் பல இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

அமாவாசையை ஒட்டிய நான்கைந்து நாட்கள்தான் உங்களுக்கான நாட்கள். வீட்டிலுள்ள தினசரிக் காலண்டரே போதும். தை, மாசி, பங்குனி மாத அமாவாசைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மகா சிவராத்திரி மாசி அமாவாசைக்கு முந்தைய தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால், அந்த வாரமும் இருட்டுக்கு நல்ல வாரம்தான்.

பால்வீதியின் மிகப் பிரகாசமான மையப்பகுதி மூலம், பூராடம் நட்சத்திரங்களுக்கு இடையே இருக்கிறது. கேட்டை நட்சத்திரம் செந்நிறத்தில் மின்னும், அதைக் கண்டுபிடித்தால் மையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்தில்தான் இருக்கும். மார்ச் 10 வாக்கில் இந்த மையம் நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 1.20 மணிக்குத் தென்கிழக்கில் எழுகிறது. 3.30 மணிக்கு அடிவானத்திலிருந்து 26 பாகை உயரத்திலும், 5 மணிக்கு 42 பாகை உயரத்திலும் நிற்கும். விண்மீன்கள் நாள் ஒன்றுக்கு சுமார் 4 நிமிடம் முன்னதாக எழுகின்றன. எனவே நீங்கள் மூன்று வாரம் முன்பாகப் போனால் எல்லாம் ஒன்றரை மணி நேரம் தாமதமாக நடக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற செயலியில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் உங்கள் நாளுக்கான திசையும் உயரமும் கிடைத்துவிடும்.

மார்ச் மாதத்தை நான் விரும்ப இன்னொரு காரணம் உண்டு. அப்போது சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் எழுகிறது, பால்வீதியின் மையம் தென்கிழக்கில் நிற்கிறது. இரண்டையும் ஒரே சட்டகத்தில் பிடிக்க 20 மி.மீ. லென்ஸ் போதும். கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

2. தங்குமிடம், ஜீப், ஆவணங்கள்

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான். தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு, பூப்பாறை, சூரியநெல்லி என்று போக வேண்டும். சூரியநெல்லியிலிருந்து மேலே உள்ளூர் ஜீப்பை நம்பித்தான் போக வேண்டும். பாறையும் பள்ளமுமான பாதை அது.

இங்கேதான் புதியவர்கள் முதலில் சறுக்குகிறார்கள். சூரிய உதயம் பார்க்க வருபவர்களுக்கான ஜீப்புகள் 4 மணி வாக்கில் கிளம்புகின்றன. மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மார்ச்சில் 5.20 மணிக்கே வானத்தின் முழு இருட்டு முடிந்துவிடுகிறது. ஆகவே உதய ஜீப்பில் போனால் விடியல் படம் மட்டும்தான் கிடைக்கும். இரவுப் படமும் வேண்டுமென்றால் முந்தைய நாள் மாலையே மேலே ஏறி, கூடாரத்தில் தங்கியாக வேண்டும். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கூடாரத்திலிருந்து சூரிய உதயம் பார்க்கும் இடமான உதயமுனைக்கு எவ்வளவு நடக்க வேண்டும், இரவு 3 மணிக்கு வெளியே நடமாட அனுமதி உண்டா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் கிடைக்காவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.

ஜீப் வாடகை ஆள் கணக்கில் இல்லை, வண்டிக் கணக்கில். தனியாகப் போனாலும் சில ஆயிரம் ரூபாய் முழுவதையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான்கைந்து பேராகச் சேர்ந்து போனால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். எஸ்டேட் நுழைவுக்கட்டணம் வாடகையில் அடங்குமா, தனியா என்று கேட்டுவிடுங்கள். இரவு தங்குவதால் ஜீப் இரண்டு நடை வர வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். மலையில் ஏறிய பிறகு பேரம் பேச இடமில்லை. சில்லறையாகப் பணம் கையில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செல்பேசியை நீட்டி எதுவும் செலுத்த முடியாது.

ஆவணங்களில் ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் அசலும் இரண்டு நகலும் வேண்டும். சொந்தக் காரில் போனால் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு. வாடகைக் காரில் போகிறீர்கள் என்றால், கேரளத்துக்கான பெர்மிட்டையும் வரியையும் யார் கட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே ஓட்டுநரிடம் தீர்த்துக்கொள்ளுங்கள். அதிகாலை சோதனைச்சாவடியில் நின்று இதைப் பேசுவது பெரிய தொல்லை. கொழுக்குமலைக்குப் பதிலாகக் கொடைக்கானலையோ நீலகிரியையோ தேர்ந்தெடுத்தால் வேறு கதை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அந்த இரண்டு இடங்களுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. இணையத்தில் பெற்று, செல்பேசியில் படமாகவும் சேமித்து வையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குரங்கணியிலிருந்து நடந்தே கொழுக்குமலை ஏறலாம், ஜீப் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றம் வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாம் படம் எடுக்க விரும்பும் அதே மாதம், அதே காய்ந்த புல். வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது. மலைமேல் அடுப்போ நெருப்போ மூட்டவும் கூடாது.

சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதி யானைகள் நடமாடும் இடம். அரிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 ஏப்ரலில் பிடிபட்டது இங்கேதான். இருட்டிய பிறகு இந்தச் சாலைகளில் படம் எடுக்க இறங்கி நிற்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள்.

3. பையில் இருக்க வேண்டியவை

கையால் எல்லாவற்றையும் அமைக்கக்கூடிய, சென்சார் பதிந்ததை அப்படியே ரா கோப்பாகச் சேமிக்கும் எந்தக் கேமராவும் போதும். பத்து வருடப் பழைய கேமராவில் எடுத்த நல்ல படங்களை நான் பார்த்திருக்கிறேன். பணத்தை முக்காலியில் போடுங்கள். காற்றில் நடுங்காத, நடுத்தண்டில் பை மாட்டக் கொக்கி உள்ள முக்காலி வேண்டும். எஃப் 2.8 திறப்புள்ள அகலக்கோண லென்ஸ் விலை அதிகம். பெரிய நகரங்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. முதல் பயணத்துக்கு வாடகையே புத்திசாலித்தனம். எடுக்கும்போதே லென்ஸில் கீறல், பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும்போது அது உதவும்.

நேரம் குறித்துத் தானாகவே சொடுக்கும் ரிமோட், குறைந்தது மூன்று பேட்டரிகள், சிவப்பு விளக்குள்ள தலைவிளக்கு. பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் அவை சீக்கிரம் சோர்ந்துவிடும். சிவப்பு விளக்கு எதற்கு என்றால், கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகிறது. ஒரு முறை வெள்ளை விளக்கு பட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்தது பனி. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பவர் பேங்கில் இயங்கும் துணிப்பட்டை ஒன்று கிடைக்கிறது. அதை லென்ஸின் கழுத்தில் சுற்றினால் கண்ணாடி லேசான சூட்டில் இருக்கும், பனி படியாது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமான் அது. என் இரண்டாவது பயணத்தை அந்தப் பட்டை காப்பாற்றியிருக்கும். பனி படியத் தொடங்குவது இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. கேமராத் திரையில் விண்மீனைச் சுற்றி மெல்லிய வளையம் ஒன்று தோன்றும், பிறகு அது விரியும், பிறகு சின்ன விண்மீன்கள் மறையும். அந்த வளையத்தைப் பார்த்தவுடனே துடைக்கலாம் என்று கை போகும். ஈரக் கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் கோடு விழும், ஃபோகஸ் வளையமும் நகர்ந்துவிடும். பட்டையை மாட்டி ஐந்து நிமிடம் பொறுத்திருப்பதே சரி.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ரா கோப்புகளைத் திருத்த டார்க்டேபிள், படங்களை இணைக்க கிம்ப், பொருத்த ஹ்யூகின், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு விண்மீன் படங்களை அடுக்க சீக்வேட்டர் ஆகிய எல்லாமே இலவசம். ஃபோட்டோஷாப் ஏற்கெனவே வைத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், வழிமுறை ஒன்றுதான்.

4. வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியை நாட்டுங்கள்

மாலை 5 மணிக்கே உதயமுனைக்குப் போய் இடத்தைத் தீர்மானியுங்கள். திசைகாட்டியில் 110 பாகையை, அதாவது கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்காக, சட்டகத்தின் நடுவில் வையுங்கள். அடிவானம் கீழே மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். முன்னணியில் பாறையோ புல்மேடோ இருந்தால் நல்லது, ஆனால் குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 20 மி.மீ. லென்ஸில், எஃப் 2.8-ல், தொலைதூரத்துக்கு ஃபோகஸ் வைத்தால் சுமார் ஐந்து மீட்டருக்கு அப்பால் உள்ளவையே கூர்மையாக வரும். அருகிலிருக்கும் பொருளுக்காக ஃபோகஸை மாற்றினால் படத்தின் அளவே சற்று விரியும் அல்லது சுருங்கும், பிறகு இரண்டையும் பொருத்துவது தலைவலி.

காலை 5 மணிக்கு மேல் கூட்டம் வரும். நடைபாதையில் முக்காலியை வைத்தால் நிச்சயம் யாராவது தட்டுவார்கள். ஓரமாக, முதுகுக்குப் பின்னால் பாறை இருக்கும் இடமாகப் பாருங்கள். ஆனால் விளிம்பிலிருந்து இரண்டு எட்டு உள்ளே நில்லுங்கள். இருட்டில் புல்லும் பள்ளமும் ஒன்றாகத் தெரியும். முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தில் கற்களால் அடையாளம் வைத்துவிட்டுப் போய்த் தூங்குங்கள். 2.45-க்கு அலாரம்.

5. இரவு: வானத்துக்கும் தரைக்கும் தனித்தனியாக

3 மணிக்கு வந்தவுடன் முதல் வேலை ஃபோகஸ். பிரகாசமான விண்மீன் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். உச்சியில் மின்னும் சுவாதி இதற்கு நன்றாக உதவும். கேமராவைச் சுவாதிக்குத் திருப்பி ஃபோகஸ் வைத்த பிறகு அந்த வளையத்தை டேப் ஒட்டி அசையாமல் செய்துவிடுங்கள். அதன்பின் சட்டகத்தை அமைத்து, முக்காலியின் எல்லாத் திருகுகளையும் இறுக்குங்கள். இனி விடியும் வரை அதைத் தொடவே கூடாது. லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். நிற வெப்பநிலையை 4000 கெல்வின் என்று நிலையாக வையுங்கள். தானியங்கியாக விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

விண்மீன்களுக்கு எத்தனை நொடி? 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்கச் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இன்றைய கேமராக்களில் அது சரிவராது, பெரிதாக்கிப் பார்த்தால் விண்மீன்கள் அரிசிமணி போல் நீண்டிருக்கும். 300-ஐ வகுங்கள். 20 மி.மீ. என்றால் 15 நொடி. சிறிய சென்சார் கேமரா என்றால் மி.மீ. அளவை ஒன்றரையால் பெருக்கிய பிறகு வகுக்க வேண்டும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200-லிருந்து 6400, 15 நொடி. இதே அமைப்பில் இடைவெளி விடாமல் 16 படங்கள் எடுங்கள். பதினாறையும் பிறகு அடுக்கினால், மணல் தூவியது போன்ற இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பை இந்த நேரத்தில் அணைத்து வையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு 15 நொடியைத் தின்றுவிடும்.

அடுத்து தரை. ஐஎஸ்ஓ 1600, அதே எஃப் 2.8, நான்கு நிமிடம். இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்றில் யாராவது டார்ச் அடித்துக்கொண்டு நடந்து போவார்கள், மற்றொன்று உங்களைக் காப்பாற்றும். அந்த நீண்ட எக்ஸ்போஷரில் தேவையற்ற வண்ணப் புள்ளிகள் வரும். அதற்காக லென்ஸ் மூடியைப் போட்டு, அதே அமைப்பில் நான்கு நிமிடம் ஒரு கறுப்புப் படமும் எடுத்து வையுங்கள். மூடியைப் போடும்போது கேமராவை அழுத்தாமல், பாலாடையைத் தொடுவது போல் மெதுவாக.

கீழே போடி, தேனி ஊர்களின் விளக்கொளி அடிவானத்தை ஆரஞ்சு நிறமாக்கும். அதைப் பார்த்துப் பதறி ஐஎஸ்ஓவைக் குறைக்காதீர்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டவில்லை என்றால் போதும். பள்ளத்தாக்கில் மேகம் நிறைந்திருக்கும் இரவில் அந்த விளக்குகள் மேகத்துக்கு அடியிலிருந்து ஒளிரும். மண்பானைக்குள் அகல் ஏற்றி வைத்தது போல, ஒவ்வொரு ஊரும் ஒரு மங்கலான செம்மஞ்சள் திட்டு. அப்படி ஓர் இரவு உங்களுக்குக் கிடைத்தால் மேகத்துக்கென்று மட்டும் தனியாக ஐந்தாறு படங்கள் எடுத்து வையுங்கள்.

6. 5.20 முதல் 6.30 வரை

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்றவர்கள் தடுமாறும் இடம் இது. வடக்கே உள்ள நாடுகளில் நீல வேளை, அதாவது உதயத்துக்கு முன் வானம் நீலமாக இருக்கும் நேரம், நீண்டுகொண்டே போகும். நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து பத்து பாகையில். சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி வருகிறது. மார்ச் 10 வாக்கில் 5.20-க்கு முதல் வெளுப்பு, 5.45-க்கு அடிவானம் தெளிவாகும், 6.10-க்கு டார்ச் இல்லாமல் நடக்கலாம், 6.31-க்கு உதயம். கடைசிக் கட்டம் வெறும் 21 நிமிடம். தேநீர் குடிக்கப் போனால் போனதுதான்.

இணைப்புக்கு மிகச் சிறந்த தரைப் படம் 5.55-லிருந்து 6.05-க்குள் கிடைக்கிறது. நிழல் விழாத, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிய நீல ஒளி அப்போது இருக்கும். தேயிலைச் செடிகளின் வரிசைகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எஃப் 4, ஐஎஸ்ஓ 400, 25 நொடி அளவில் தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரவில் எடுத்த நான்கு நிமிடப் படத்தைவிட இதில் இரைச்சல் மிகக் குறைவு. நான் இப்போது தரைக்குப் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறேன், நான்கு நிமிடப் படம் காப்புக்காக மட்டும்.

7. சூரியன் வரும்போது

எஃப் 11, ஐஎஸ்ஓ 100. பிராக்கெட்டிங்கில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு ஒளி அளவில் அடுத்தடுத்து எடுக்கும் முறையில், ஐந்து படங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்டாப் இடைவெளி (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, குறைத்தால் பாதி). சூரியன் விளிம்பைத் தொட்ட முதல் இரண்டு நிமிடத்தில் மூன்று நான்கு சுற்று எடுத்துவிடுங்கள், பிறகு ஒளி கடுமையாகிவிடும். ஒரு சுற்றில் மட்டும் கையை நீட்டி விரலால் சூரியனை மறைத்து எடுங்கள். லென்ஸுக்குள் ஒளி தெறித்து உண்டாகும் பச்சை, ஊதாப் பொட்டுகள் அந்தப் படத்தில் இருக்காது. கணினியில் பொட்டு விழுந்த இடத்தை இதைக் கொண்டு மாற்றிவிடலாம்.

கண்ணால் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது, திரையை மட்டும் பாருங்கள்.

8. கணினியில்: இணைக்கும் முன்

எல்லா ரா கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். டார்க்டேபிளில் ஒரு படத்துக்கு லென்ஸ் திருத்தம் போட்டால் எல்லாவற்றுக்கும் போட வேண்டும். ஒன்றுக்குப் போட்டு மற்றொன்றுக்கு விட்டால் நடுவில் பொருந்தும், ஓரங்களில் பொருந்தாது. காரணம் புரியாமல் நான் ஒரு வாரம் தேடியது இதைத்தான். 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுங்கள். ஜேபெக் வேண்டாம், இருண்ட வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

பதினாறு வானப் படங்களையும் சீக்வேட்டரில் ஏற்றி, வானம் எது, தரை எது என்று அதில் வரைந்து காட்டினால் விண்மீன்களைப் பொருத்தி ஒரே படமாகத் தரும். அதில் தரை மங்கலாகக் குழம்பியிருக்கும். கவலை வேண்டாம், அந்தத் தரையை நாம் பயன்படுத்தப் போவதில்லை.

9. மலை விளிம்பு

முழு வேலையும் இந்த ஒரு கோட்டில்தான் நிற்கிறது. கிம்ப்பில் அடுக்கிய வானத்தைக் கீழ் லேயராகவும், 6 மணித் தரைப் படத்தை மேல் லேயராகவும் வையுங்கள். மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, வானம் இருக்கும் இடத்தைக் கறுப்பாக்கினால் கீழேயுள்ள விண்மீன்கள் தெரியும். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மாஸ்க் குழப்பம் தீர்ந்தது.

விளிம்பைத் தூரிகையால் கையாலேயே வரையப் பார்க்காதீர்கள். 6.05 மணிப் படத்தில் மலை கறுப்பாகவும் வானம் பளிச்சென்றும் இருக்கும். அந்தப் படத்தின் வெளிச்ச வேறுபாட்டை வைத்தே வானத்தைத் தேர்வு செய்யுங்கள், புல்நுனி வரை சுத்தமாக வந்துவிடும். முக்காலி அசையாமல் இருந்தால் அந்தத் தேர்வு எல்லாப் படங்களுக்கும் அப்படியே பொருந்தும். முக்காலியைத் தொடாதீர்கள் என்று மேலே அத்தனை முறை சொன்னதற்குப் பலன் இங்கே கிடைக்கும். தேர்வின் ஓரத்தை ஒன்று அல்லது இரண்டு பிக்சல் மென்மையாக்குங்கள். அதற்கு மேல் போனால் மலையைச் சுற்றி ஒளிவட்டம் வரும். வெளிர்நீலக் கோடு ஒன்று விளிம்பில் எஞ்சியிருந்தால், வானத் தேர்வை ஓரிரு பிக்சல் தரைப்பக்கமாக விரியுங்கள், மறைந்துவிடும்.

அடுத்து தரையை இருட்டாக்குங்கள். புதியவர்களின் படங்களில் பொய் வெளிப்படுவது இங்கேதான்: விண்மீன் வானத்தின் கீழே தேயிலை பகல் போல் மின்னும். நிலவில்லாத இரவில் தரை வானத்தைவிட எப்போதும் கறுப்பு. ஒரு ஸ்டாப் அல்லது ஒன்றரை ஸ்டாப் குறைத்து, நிறத்தையும் கொஞ்சம் குளிர்ச்சியாக்குங்கள். பிறகு கணினியை விட்டு எழுந்து போய், அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் தரை முதலில் கண்ணில் பட்டால் இன்னும் குறைக்க வேண்டும்.

10. விடியல் படங்களை இணைத்தல்

ஐந்தையும் மென்பொருளிடம் கொடுத்துத் தானாகவே ஒன்றாக இணைத்து எச்டிஆர் ஆக்கச் சொன்னால் வரும் படம் எனக்குப் பிடிப்பதில்லை. நிழலே இல்லாத, சாயம் தோய்த்த விடியலாக அது இருக்கும். நடு எக்ஸ்போஷரை அடிப்படையாக வைத்துக்கொண்டு, சூரியனைச் சுற்றிய பகுதியை மட்டும் இரண்டு ஸ்டாப் குறைந்த படத்திலிருந்து எடுங்கள். தேயிலையின் நிழல்களை இரண்டு ஸ்டாப் கூடிய படத்திலிருந்து, பாதி அடர்த்தியில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாஸ்க்குகளை இங்கே நன்றாக அகலமாகக் கரைத்துவிடலாம், ஏனென்றால் ஒளியே அப்படித்தான் மெல்ல மெல்ல மங்குகிறது.

மேகக்கடல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஐந்து படங்களிலும் அது ஐந்து வடிவில் இருக்கும். எனவே மேகம் முழுவதையும் ஒரே எக்ஸ்போஷரிலிருந்து எடுங்கள். இரண்டிலிருந்து எடுத்தால் மேகத்தின் ஓரங்கள் இரட்டையாகும், எவ்வளவு திருத்தினாலும் போகாது.

இரவு வானத்தையும் சூரிய உதயத்தையும் ஒரே படத்தில் சேர்க்கும் ஆசை வரும். நானும் செய்து பார்த்தேன். ஒளிரும் சூரியனுக்கு மேல் பால்வீதி நிற்பதைக் கண் ஏற்கவில்லை. 5.20 வரையிலான வானத்தோடு 6.05 வரையிலான தரையை இணைத்தால் படம் உண்மையாக இருக்கிறது. உதயத்தைத் தனிப் படமாக வைத்துக்கொள்வதே மேல்.

11. படத்தின் கீழே எழுத வேண்டியவை

இணைத்த படம் என்று வெளிப்படையாக எழுதுங்கள்: வானம் 4.10 மணி, தரை 6.02 மணி, ஒரே இடம், ஒரே முக்காலி, ஒரே காலை. வேறோர் இடத்தில் எடுத்த வானத்தைக் கொழுக்குமலை மேல் ஒட்டுவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். அந்த மலையில் குளிரில் நின்றவர்களுக்கு அந்த வானம் எந்தத் திசையில் எப்படி நின்றது என்று தெரியும்.

போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிமுறையில் இணைப்புப் படங்களுக்கு இடம் உண்டா என்று முதலில் படியுங்கள். இயற்கைப் பிரிவுகள் பலவற்றில் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடங்களிலும் கடைசிச் சுற்றில் ரா கோப்புகளைக் கேட்பார்கள். பதினாறு வானப் படங்கள், இரண்டு தரைப் படங்கள், ஒரு கறுப்புப் படம், விடியலின் எல்லாச் சுற்றுகள் என அத்தனையையும் தேதி போட்ட ஒரே ஃபோல்டரில் வைத்துவிடுங்கள்.